சுமத்ரா காடும் எரிமலையும்: காரைக்குடியிலிருந்து போகும் டூர் எப்படி?

காரைக்குடியில் ஆள் சேர்த்து, திருச்சியில் விமானம் ஏற்றி, இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்கு அழைத்துப் போகும் டூர் ஒன்றில் நானும் என் வீட்டம்மாவும் இந்த ஆனியில் போய் வந்தோம். வந்ததிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் கேட்பது, "அண்ணே, அந்தக் காசுக்கு அங்க போகலாமா, இல்ல பாலிக்கே போயிடலாமா?" என்பதுதான். காட்டையும் எரிமலையையும் பார்க்க உண்மையிலேயே ஆசை இருக்கிறவர்கள் சுமத்ராவுக்கே போங்கள். இந்த டூரில் தங்குமிடம் சுமார்தான். சாப்பாடு பரவாயில்லை. பஸ்ஸில் ஏசி மேட்டில் ஏறும்போதெல்லாம் நின்றுவிடும். ஆனால் அங்கே இவர்கள் ஏற்பாடு செய்திருக்கும் வழிகாட்டி ஒருவருக்காகவே கொடுத்த பணம் தகும். கேட்டதற்கெல்லாம் தலையாட்டாமல், முடியாது என்றால் முடியாது என்று நின்ற மனிதர் அவர். அவரைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டுச் சாமான் வாங்கி விற்கிறேன். இடிக்கிற செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, உத்தரம், ஊஞ்சல் பலகை இவைதான் என் பிழைப்பு. மரத்தைத் தட்டியும் மோந்தும் இனம் சொல்லிப் பழகிய ஆள். அதனால் இதில் மரப் பேச்சு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

செலவு தலைக்கு ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் உள்ளே. விமானம், தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, காட்டு அனுமதி, வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். விசா தனி. சுமத்ராவின் மேடான் நகர விமான நிலையத்தில் இறங்கியதும் 5 லட்சம் ரூபியா கட்டினால் 30 நாளுக்குக் கொடுக்கிறார்கள். தொகையைக் கேட்டு மலைக்க வேண்டாம், நம் காசுக்கு மூவாயிரத்தை ஒட்டி வரும். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டினால் மேடான். அந்த இரண்டாவது விமானம் ஏறிச் சாய்ந்து உட்காருவதற்குள் இறங்கிவிடுகிறது, ஒரு மணி நேரம்தான். பயணக் காப்பீட்டை இவர்கள் கட்டாயப்படுத்துவதில்லை. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், மலை ஏறுகிற இடம்.

முதலில் புக்கிட் லவாங். மேடானிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் போய்ச் சேர நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. பின்ஜாய் என்ற ஊரைத் தாண்டியதும் எண்ணெய்ப்பனைத் தோட்டம் தொடங்குகிறது. தொடங்கினால் முடிவதே இல்லை. ஒரே உயரம், ஒரே இடைவெளி, அடியில் புல் பூண்டு கிடையாது. உலகத்தில் பாமாயில் அதிகம் எடுக்கும் நாடு இந்தோனேசியா, அதிகம் வாங்கும் நாடு நம்முடையது. ரேஷன் கடையில் நாம் வாங்கும் பாக்கெட் எங்கிருந்து வருகிறது என்று அந்தச் சாலையில் போனால் நன்றாகப் புரியும். "இது எல்லாமே எங்க தாத்தா காலத்துல காடு, பாக்" என்றார் வழிகாட்டி. பெரியவர்களை அங்கே ஆணென்றால் பாக், பெண்ணென்றால் இபு என்று கூப்பிடுகிறார்கள். எங்களோடு வந்த தேவகோட்டை ஆச்சியை மட்டும் அவர் கேட்டுத் தெரிந்துகொண்டு கடைசி வரைக்கும் "ஆச்சி" என்றே கூப்பிட்டார்.

புக்கிட் லவாங் பொஹோரோக் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றைக் கடக்கத் தொங்கு பாலங்கள். அக்கரையில் குனுங் லெயுசர் தேசியப் பூங்காவின் காடு செங்குத்தாக எழுகிறது. புலி, யானை, காண்டாமிருகம், ஒராங்குட்டான் என்ற மனிதக் குரங்கு நான்கும் சேர்ந்து வாழும் காடு உலகத்தில் இது ஒன்றுதான். 2004-இல் யுனெஸ்கோ சுமத்ராவின் மழைக்காடுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெட்டும் ஆக்கிரமிப்பும் அடங்காததால் 2011-இல் அதையே ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. ஊரே ஒருமுறை அடித்துக்கொண்டு போன ஊர் இது. 2003 நவம்பரில் ஓர் இரவு வந்த வெள்ளத்தில் 200 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஆற்றோரம் அறை எடுத்திருந்த எங்களிடம், ராத்திரி தண்ணீரின் சத்தம் மாறினால் எந்தப் படி வழியாக மேலே ஏற வேண்டும் என்று வழிகாட்டி வந்ததும் வராததுமாக நடந்தே காட்டினார். அப்போதே எனக்கு அந்த மனிதர் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே எல்லோரையும் உட்கார வைத்துச் சட்டதிட்டம் சொன்னார். ஒராங்குட்டானைப் பார்த்தால் பத்து மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். எதையும் கொடுக்கக் கூடாது. அதன் கண்ணில் படுகிற மாதிரி நாமும் எதையும் தின்னக் கூடாது. தோல், கொட்டை, மிட்டாய்க் காகிதம் எல்லாம் பைக்குள் திரும்பி வர வேண்டும். சளி இருக்கிறவர்கள் முகக்கவசத்தோடு கடைசியில் வர வேண்டும். நம் சளி அதற்குத் தொற்றினால் அது பிழைப்பது கஷ்டம். எங்கள் குழுவில் ஒருவருக்கு விமானத்தின் குளிரில் இருமல் பிடித்திருந்தது. மறுநாள் அவரை ஓரிடத்தில் நிறுத்திவைத்துவிட்டுத்தான் எங்களைக் கிட்டே கூட்டிப்போனார். அவர் கோபித்துக்கொண்டார். அப்புறம் தனியாகத் தூரத்திலிருந்தே அவருக்கும் காட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

காட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது மரத்தின் காலைத்தான். பெரிய மரங்கள் எல்லாம் பலகை வேர் விட்டிருக்கின்றன. என் தலைக்கு மேலே தொடங்கி நான்கு பக்கமும் சுவராக இறங்கும் வேர். கையால் குத்தினால் முரசு அதிர்கிற ஒலி. வழி தவறினால் இதைத் தட்டித்தான் ஆளைக் கூப்பிடுவோம் என்றார் வழிகாட்டி. மேலே இலைச் சருகு கணுக்கால் புதையக் கிடக்கிறது. காலால் விலக்கிப் பார்த்தால் கறுப்பு மண் விரற்கடை அளவுதான், அதற்குக் கீழே வெறும் மஞ்சள் களிமண். சத்தெல்லாம் மேலேயே இருப்பதால் வேர் ஆழப் போகாமல் பக்கவாட்டில் ஓடுகிறது. அவ்வளவு உயரத்தைத் தாங்க அந்தப் பலகை வேண்டியிருக்கிறது.

பாதையில் விழுந்த ஒரு மரத்தை, ஆள் போக இடம் விட்டு ரம்பத்தால் அறுத்துப் போட்டிருந்தார்கள். வெட்டு முகம் புதிது. நான் குனிந்து உட்கார்ந்து, எச்சில் தொட்டுத் துடைத்து, வளையம் எண்ணப் பார்த்தேன். வளையமே இல்லை! தூணும் உத்தரமும் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிய தேக்கில் வருஷ வளையம் கோடு போட்டுக் காட்டும். பர்மாவில் மழைக்காலம் ஒன்று, வெயில்காலம் ஒன்று. வெயிலில் தேக்கு இலையை உதிர்த்துவிட்டு வளர்ச்சியை நிறுத்தும், மழைக்கு மறுபடி துளிர்க்கும். அந்த நிறுத்தம்தான் கோடு. இங்கே வருஷம் முழுக்க மழை, மரம் நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் தேக்கு இந்தக் காட்டில் கிடையாது, அதற்கு உலர்ந்த பருவம் ஒன்று வேண்டும். இத்தனை வருஷம் வளையத்தைப் பார்த்தே மரத்துக்கு விலை சொல்லி வந்தவன், வளையம் இல்லாத இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் மரத்தின் முன்னால் என்ன வயது சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். வழிகாட்டிக்கு நான் கேட்ட கேள்விகள் பிடித்துப்போயின. அப்புறம் ஒவ்வொரு மரமாக நிறுத்தி எனக்கு மட்டும் பாடம்.

மெரந்தி வகை மரம் ஒன்றின் பட்டையில் பிசின் கண்ணாடியாக உறைந்திருந்தது. நுனியைக் கிள்ளி நெருப்புக்குச்சியில் காட்டினார். நம் வீட்டுச் சாம்பிராணிப் புகையில் குங்கிலியம் போட்டால் வருமே, அந்த வாசனை. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மரத்தின் பிளவுக்குள்தான் பழைய காலத்துக் கற்பூரம் கட்டியாக விளைந்திருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறைமுகம் அந்தக் கற்பூரத்தால் பேர் பெற்றது. நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-இல் அங்கே தமிழில் கல்வெட்டே வெட்டி வைத்திருக்கிறது. இந்த டூர் பாருஸுக்குப் போவதில்லை, தூரம் அதிகம். ஆனால் செட்டிநாட்டிலிருந்து ஆள் சேர்க்கிறவர்கள் பயணக் குறிப்பில் இதை ஒரு வரி போட்டிருக்கலாம். கடல் தாண்டிப் போனவர்கள் ஊர் இது, இங்கே இருக்கிறவர்களுக்கு இது ஆர்வமாக இருக்கும்.

இனி ஒராங்குட்டான். இதற்குத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள்.

முதல் நாள் பகலில் வேறொரு குழு எங்களுக்கு முன்னால் நின்றது. அவர்களுடைய வழிகாட்டி பையிலிருந்து வாழைப்பழம் எடுத்து நீட்ட, ஒரு பெண் ஒராங்குட்டான் கொடியைப் பிடித்து இறங்கி, கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஆளாளுக்கு செல்போன். எங்கள் ஆட்களும் அங்கே போகத் துடித்தார்கள். எங்கள் வழிகாட்டி கையைக் குறுக்கே நீட்டி வேறு பாதையில் திருப்பினார். ஒரே கூச்சல். "இவ்வளவு காசு கொடுத்து வந்திருக்கோம், ஒரு பழத்தைக் காட்டினா என்ன குறைஞ்சிடும்?" என்று ஒருவர். கூடவே வந்த டூர் மேனேஜர் தம்பியும், "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க, இவங்க நாளைக்கு என்னைத் திட்டுவாங்க" என்று காதைக் கடித்தான். அவர் முடியாது என்றார். குரலை உயர்த்தவில்லை, நடையையும் நிறுத்தவில்லை.

ஓடைக்கரையில் உட்கார வைத்த பிறகுதான் காரணம் சொன்னார். 1973-இல் அங்கே ஒரு மறுவாழ்வு நிலையம் தொடங்கினார்கள். வீடுகளில் கூண்டில் கிடந்த ஒராங்குட்டான்களை மீட்டுக் காட்டில் விடுவதற்காக. அந்த நிலையம் மூடிப் பல வருஷம் ஆகிறது, ஆனால் மனிதக் கையைக் கண்டு பயப்படாத சில இன்னும் இருக்கின்றன. பழத்துக்குப் பழகியது, பழம் இல்லாதபோது கடிக்கும். மீனா என்று பெயர் வாங்கிய ஒரு பெண் ஒராங்குட்டான் எத்தனையோ வழிகாட்டிகளைக் கடித்திருக்கிறது. தப்பு அதன் மேல் இல்லை. ஒரு தாய் எட்டு, ஒன்பது வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அந்தக் குட்டி ஏழெட்டு வருஷம் தாயை ஒட்டியே திரிந்து எந்த மரம் எப்போது பழுக்கும் என்று கற்றுக்கொள்ளும். சுமத்ராவில் மிச்சம் இருப்பதே சுமார் 14,000. தாய் பாதையோரம் பழத்துக்குக் கையேந்தினால் குட்டி அதைத்தான் கற்கும். இதைக் கேட்ட பிறகு தேவகோட்டை ஆச்சி, "பேசாம இருங்கப்பா, அவரு சொல்றதுதான் சரி" என்று ஒரு அதட்டுப் போட, கூட்டம் அடங்கியது.

அவர் சொன்னபடி காத்திருந்ததற்குப் பலன் அன்றே கிடைத்தது. பொழுது சாயும் நேரம். பெரிய அத்தி மரம் ஒன்றில் ஏதோ முறியும் சத்தம். அண்ணாந்து பார்த்தால் செம்பட்டை முடி வெயிலில் தெரிகிறது. தாயும் குட்டியும். எங்களைப் பார்த்தது, ஆனால் இறங்கவில்லை, ஓடவும் இல்லை. ஒரு கிளைக் கவட்டில் உட்கார்ந்து சுற்றியுள்ள கொப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே வளைத்து, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, அடுத்ததை வளைத்தது. முறியாமல் வளைகிற கொப்பைத் தொட்டுப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறது. அடி அமைந்ததும் இலைக் கொத்துகளை ஒடித்துப் பரப்பி, பாய் விரித்து ஓரம் தட்டுகிற மாதிரி புறங்கையால் தட்டியது. குட்டி அதற்குள் தாயின் தோளில் இருந்துகொண்டே ஒரு சின்னக் கிளையை வளைத்துப் பார்க்கிறது, அது விட்டதும் துள்ளுகிறது, மறுபடி வளைக்கிறது. தாய் மல்லாந்து படுத்து, பெரிய இலையொன்றை மேலே போட்டுக்கொண்டது. ராத்திரிக்கு ராத்திரி புதுப் படுக்கை கட்டுமாம். தச்சு வேலை பார்க்கிறவர்களோடு வாழ்நாளைக் கழித்தவன் நான், அந்தக் கை மரத்தை அறிந்த விதம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. யாரும் பேசவில்லை. பழம் கேட்டுச் சண்டை போட்டவர்தான் கடைசியில் எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தார்.

மறுநாள் விடியலில் சியாமாங் என்ற கறுப்புக் குரங்குகள் தொண்டைப் பையை ஊதிக்கொண்டு போட்ட ஓசை மலை முழுக்க எதிரொலித்தது. இதற்காகவே காட்டுக்குள் கூடாரத்தில் தங்கும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். டூரில் அது விருப்பம்போலத்தான், கொஞ்சம் கூடுதல் பணம். தரை ஈரம், முதுகு வலிக்கும், அட்டை கடிக்கும். ஆனாலும் ஊருக்குள் தங்கினால் இது கிடைக்காது.

அங்கிருந்து பெரஸ்தாகி. காரோ மக்கள் வாழும் மேட்டுநிலம். குளிர்ந்த காற்று, முட்டைக்கோஸ், காரட், ஆரஞ்சுத் தோட்டங்கள். இரண்டு பக்கமும் இரண்டு எரிமலை, சிபாயாக் ஒன்று, சினாபுங் ஒன்று. இந்தியப் பெருங்கடலின் அடித்தட்டு சுமத்ராவுக்குக் கீழே சரிந்து செருகிக்கொண்டே இருக்கிறது. அதோடு உள்ளே போகும் நீர் மேலே உள்ள பாறையை இளக வைக்க, உருகிய குழம்பு மேலே வருகிறது. 17,000 தீவுகளுக்கு மேல் உள்ள இந்த நாட்டில் உயிருள்ள எரிமலைகள் மட்டும் சுமார் 130. தம்போரா 1815-இல் வெடித்தபோது அடுத்த வருஷம் ஐரோப்பாவில் கோடைகாலமே வரவில்லை. 1883-இல் கிரகடோவா வெடித்து, எழுந்த அலையில் 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த நாட்டு மண்ணின் செழிப்பும் இந்த மலைகள் கொடுத்ததுதான்.

இங்கே இரண்டாவது தகராறு. எங்கள் நோட்டீஸில் 'சினாபுங் அடிவாரம்' என்று வண்ணப் படத்தோடு போட்டிருந்தார்கள். சினாபுங் 400 வருஷம் தூங்கிக் கிடந்து 2010 ஆகஸ்டில் விழித்த மலை. 2013-இலிருந்து திரும்பத் திரும்ப வெடித்தது. 2014 பிப்ரவரியில், கொஞ்சம் அடங்கியது என்று உள்ளே போனவர்கள் மேல் கொதிக்கும் சாம்பல் மேகம் இறங்கி 16 பேர் இறந்துபோனார்கள். அடிவாரத்து ஊர்கள் சில மொத்தமாகக் காலி. பெரஸ்தாகியில் சில ஜீப் ஓட்டுநர்கள் 'காலியான ஊர் காட்டுகிறோம்' என்று கூப்பிடுகிறார்கள். நம் ஆட்களில் சிலர் பணத்தையே எடுத்துவிட்டார்கள். வழிகாட்டி அதற்கும் முடியாது என்றார். "நான் இந்த மலைக்குப் பக்கத்துல பிறந்தவன். எங்க சித்தி வீடு அங்க இருந்துச்சு. தடை போட்ட இடத்துக்கு நான் வர மாட்டேன், உங்களையும் விட மாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னதை மேனேஜர் தம்பி தமிழில் சொன்னான். குண்டலிங் குன்றுக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து முழு மலையும் தெரிகிறது. உச்சி உடைந்து, ஒரு பக்கம் சாம்பல் ஓடிய தடம் பச்சைத் தோட்டத்துக்குள் நாக்கு நீட்டிக் கிடக்கிறது. அந்தத் தடத்தின் ஓரம் வரைக்கும் மறுபடி உழுதிருக்கிறார்கள். இல்லாததை நோட்டீஸில் போட்ட டூர்காரர்கள் மேல்தான் என் குறை. போக முடியாத இடத்தைப் படம் போட்டு விற்கக் கூடாது. இதை அவர்களிடமே நேரில் சொல்லிவிட்டேன், மாற்றுகிறோம் என்றிருக்கிறார்கள்.

சிபாயாக்கில் ஏறலாம். 2,200 மீட்டருக்குச் சற்று மேல், வண்டி போகும் இடத்திலிருந்து இரண்டு மணி நேர நடை. நூறு வருஷத்துக்கும் மேலாக வெடிக்காத மலை, ஆனால் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. சூரியோதயம் பார்க்க அதிகாலை கிளம்புவதாகத் திட்டம். மூடுபனி இறங்கியிருந்ததால் வெளிச்சம் வரும் வரை விடமாட்டேன் என்று நிறுத்திவிட்டார். சூரியோதயம் போச்சு. ஆனால் ஏழு மணிக்கு மேல் ஏறிப் பார்த்தபோது அவர் ஏன் நிறுத்தினார் என்பது விளங்கியது. பாறை இடுக்குகளில் நீராவி விசிலடித்துக்கொண்டு வருகிறது, காற்று திரும்பினால் எதிரே கை தெரியாது. அந்த ஓட்டைகளுக்கு நடுவேதான் பாதை. ஒரு இடுக்கின் வாயில் கந்தகம் மஞ்சள் ஊசிகளாகப் படர்ந்திருந்தது. ஒவ்வொரு ஊசியும் நெல்லைவிட மெல்லியது, வாய்ப்பக்கம் எலுமிச்சை மஞ்சள், உள்ளே போகப் போக ஆரஞ்சு. செருப்பு அடிக்குள் சூடு ஏறுகிறது. கந்தக நெடி தொண்டையைப் பிடிக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடுங்கள். அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. முட்டி வலிக்கு அது நல்ல மருந்து, என் வீட்டம்மா வெளியே வர மறுத்துவிட்டார்.

சாப்பாடு. நம் பக்கத்துச் சமையல்காரர் ஒருவர் கூடவே வருகிறார். காலையில் இட்லி, மதியம் பொட்டலச் சாதம், ராத்திரி சப்பாத்தி. வயதானவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் தினமும் இதையே கட்டிக்கொடுத்தால் அந்த ஊர் நாவுக்கு எப்படித் தெரியும்? பெரஸ்தாகிச் சந்தையில் மார்கிசா என்ற பழம் மலையாகக் குவிந்திருக்கிறது, நாங்கள் பஸ்ஸுக்குள் புளியோதரை தின்றுகொண்டிருந்தோம். வழிகாட்டியிடம் தனியாகச் சொல்லி, ஒரு வேளை உள்ளூர்க் கடையில் சாப்பிட ஏற்பாடு செய்துகொண்டோம். பத்தாக் மக்கள் சமைக்கும் ஆர்சிக் என்ற மீன், மஞ்சள் போட்டு வற்ற வைத்தது. அதில் அந்தலிமான் என்று பச்சை மிளகு ஒன்று போடுகிறார்கள். கடித்ததும் எலுமிச்சை வாசம், ஒரு நிமிஷத்தில் நாக்கு விறுவிறுவென்று மரத்துப்போகும், அதற்குப் பிறகு குடிக்கிற தண்ணீர்கூட ருசியாக இருக்கும். ஆச்சி ஒன்றை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "இத கல்பாசியோட சேர்த்து நண்டு மசாலாவுல அரைச்சா எப்படி இருக்கும்!" என்றார். காய்ந்ததைக் கால் கிலோ வாங்கிக்கொண்டார். ஊர் திரும்பும்போது சுங்க அறிவிப்புப் படிவத்தில் அதைக் குறிப்பிடவும் மறக்கவில்லை.

வழிகாட்டி காரோ இனத்தில் செம்பிரிங் குலம். அந்தக் குலத்துக்குள் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்று கிளைகள் இருக்கின்றன. சோழரோடும் பாண்டியரோடும் பல்லவரோடும் இவற்றைச் சேர்த்துப் பார்க்கிற ஆராய்ச்சியாளர்கள் உண்டு. அவர் சோலியா. இதைச் சொன்ன பிறகு பஸ்ஸில் அவருக்குக் கிடைத்த மரியாதையே வேறு.

தோபா ஏரிக்கு இவர்கள் ஒதுக்கிய நேரம் போதவே போதாது. 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம், 500 மீட்டர் ஆழம். ஏரி என்று சொல்கிறோமே தவிர அது எரிமலையின் வாய். சுமார் 74,000 வருஷத்துக்கு முன்னால் வெடித்து, மலை உள்ளே விழுந்து, பள்ளத்தில் மழை நிறைந்தது. நடுவே உள்ள சமோசிர் தீவு அப்புறம் அடியிலிருந்து மேலே தள்ளப்பட்ட ஏரித்தரை. அந்த வெடிப்பின் சாம்பல் வங்காள விரிகுடாவைத் தாண்டி நம் நாடு வரைக்கும் வந்து விழுந்திருக்கிறது. ஆந்திராவில் கர்நூல் பக்கம் ஜுவாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்கை இன்றைக்கும் மண்ணுக்குள் பார்க்கலாம். அடியிலும் மேலும் கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஏரியின் தெற்கே உள்ள பத்தாங் தோரு காட்டில் தபனுலி ஒராங்குட்டான் என்று தனி இனமே இருப்பதாக 2017-இல் தான் அறிவித்தார்கள், எண்ணிக்கை 800-க்கும் கீழ்.

சமோசிருக்குப் படகில் போக வேண்டும். கரைக்கு வந்த முதல் படகில் கூட்டம் நிறைந்திருந்தது. வழிகாட்டி எண்ணிப் பார்த்தார், உயிர்க்காப்பு அங்கி போதவில்லை, அடுத்த படகு என்றார். 2018 ஜூனில் இதே ஏரியில் அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து 160 பேருக்கு மேல் போய்விட்டார்கள். நாங்கள் ஒரு மணி நேரம் கரையில் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவை ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

கடைசியாக மேடான். இங்கே நம் வழிகாட்டி இல்லை, ஊருக்குள் வேறு ஆள். டூரின் மோசமான பகுதி இதுதான். அரை நாளைக் கமிஷன் கடைகளிலேயே கழித்துவிட்டார்கள், பாம்புத்தோல் கைப்பையும் துரியன் மிட்டாயும். ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். 1884-இல் எழுந்த கோயில், மேடானைச் சுற்றிய டெலி வட்டாரத்துப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் மக்கள் கும்பிட்ட இடம். தேவகோட்டை ஆச்சியின் ஐயா மேடானில் லேவாதேவிக் கடை வைத்திருந்தவர். நகரத்தார் கட்டிய சுப்பிரமணியர் கோயிலைப் பார்ப்பதற்காகவே ஆச்சி எழுபது வயதில் கிளம்பி வந்திருந்தார். அது நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. செட்டிநாட்டில் ஆள் சேர்க்கிற டூரில் அது இல்லாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் வீட்டம்மாவும் கடைக்குப் போகாமல் ஆச்சியோடு டாக்ஸி பிடித்துப் போய்வந்தோம். ஆச்சி சன்னதியில் வெகு நேரம் நின்றார்.

மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நான்கு. காடும் வழிகாட்டியும் ஐந்துக்கு ஐந்து, மேடானுக்கு ஒன்று கொடுப்பதே அதிகம்.

போகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன், காட்டுக்கும் பெரஸ்தாகிக்கும் வரும் வழிகாட்டி காரோ ஊர்க்காரர் அவர்தானா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வேறு ஆள் என்றால், ஒராங்குட்டானுக்குப் பழம் கொடுப்பாரா என்று கேளுங்கள், பதிலிலேயே தெரிந்துவிடும். கோலாலம்பூரில் ஷாப்பிங் மாலுக்கு வைத்திருக்கும் நேரத்தைத் தோபாவுக்கு மாற்றச் சொல்லி நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் மாற்றுகிறார்கள், எங்களுக்குப் பிறகு போன குழுவுக்கு மாற்றியிருக்கிறார்கள். பிடிமானம் உள்ள ஷூ, முழங்கால் வரை காலுறை, மழைச் சட்டை இவை கட்டாயம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் புக்கிட் லவாங்கில் குறுகிய நடையைக் கேளுங்கள், ஆச்சி அதில்தான் போனார், தாயையும் குட்டியையும் அவரும் பார்த்தார். அக்டோபர், நவம்பரில் கிளம்பும் குழுவில் சேராதீர்கள். அங்கே அப்போது மழை அதிகம், பொஹோரோக் ஆறும் ஏறும். அடுத்த குழு மாசியில் என்று சொன்னார்கள், அது நல்ல நேரம்.